காடைக் குஞ்சுக்குப் புரோபயாட்டிக்: எதை, எப்போது, எவ்வளவு

பொரிப்பகத்திலிருந்து வரும் ஒருநாள் காடைக் குஞ்சின் எடை 7 அல்லது 8 கிராம். ஐந்தாவது வாரக் கடைசியில் அது 180 கிராமிலிருந்து 200 கிராம் வரை வந்து, கறிக்குத் தயாராகிவிடுகிறது. இதற்கிடையில் அது தின்பது சுமார் அரை கிலோ தீவனம். அத்தனையும் ஒரு குட்டைக் குடல் வழியாகத்தான் போகவேண்டும். காடையின் குடலில் தீவனம் அதிக நேரம் தங்குவதில்லை. தங்கும் சிறிது நேரத்துக்குள் சத்தை உறிஞ்சிக்கொள்ள வேண்டும். குடல் சுவர் புண்ணாகிவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த தீவனம் போட்டாலும் அது எச்சமாக வெளியே வந்துவிடும்.

புரோபயாட்டிக் என்பது இந்தக் குடலுக்குள் நாம் அனுப்பிவைக்கும் உயிருள்ள நல்ல நுண்ணுயிர்கள். அது சத்து மருந்தும் அல்ல, வளர்ச்சி டானிக்கும் அல்ல. தீவனக் கடையில் "போட்டுப் பாருங்க சார், குஞ்சு சும்மா குபுகுபுன்னு வரும்" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். அந்த வாக்குறுதியை நம்பி வாங்காதீர்கள். குஞ்சு குடலில் கெட்ட கிருமிகள் குடியேறுவதற்கு முன் நல்லவை இடம்பிடிக்க உதவுவதுதான் இதன் முதல் வேலை. எடை கூடுவது அதன் பின்விளைவு. கூடாமலும் போகலாம். சுத்தமான கொட்டகையில் நல்ல தீவனம், நல்ல தண்ணீரோடு வளரும் குஞ்சுகளில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. நெருக்கடி, சூடு, தூசி, தீவன மாற்றம் என்று குஞ்சுக்குச் சோதனை வரும் இடங்களில்தான் இதன் பலன் கண்ணுக்குத் தெரியும். திருவள்ளூர் மாவட்டத்தில், குறிப்பாகக் கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரிப் பக்கம் தகரக் கொட்டகையில் வளர்ப்பவருக்கு அந்தச் சோதனைகளுக்குக் குறைவில்லை.

முதலில் காரணத்தைப் புரிந்துகொள்வோம். அடைகாத்த தாயோடு வளரும் குஞ்சு, தாயின் எச்சம் பட்ட மண்ணைக் கொத்தித் தின்று, தாயின் குடலில் உள்ள நுண்ணுயிர்களைத் தன் குடலுக்குள் வாங்கிக்கொள்கிறது. ஆனால் நாம் வளர்க்கும் ஜப்பானியக் காடை அடைகாக்கும் பழக்கத்தையே இழந்துவிட்ட பறவை. 1974இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலிருந்து இஜ்ஜத்நகருக்குக் கொண்டுவரப்பட்ட கூட்டத்திலிருந்துதான் இந்தியக் காடை வளர்ப்பு கிளைத்தது. நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் காடையும் நாமக்கல் காடையும் இன்குபேட்டரில் 17 அல்லது 18 நாளில் பொரிப்பவைதான். கிருமிநீக்கம் செய்த தட்டில் பொரித்து, அட்டைப்பெட்டியில் ஏறி, உங்கள் கொட்டகைக்கு வரும் குஞ்சின் குடல் கிட்டத்தட்டக் காலி வீடு. அதில் முதலில் யார் நுழைகிறார்களோ அவர்களே குடித்தனக்காரர்கள்.

இதைக் கோழிக் குஞ்சில் நிரூபித்தவர்கள் ஃபின்லாந்தைச் சேர்ந்த நூர்மியும் ரான்டலாவும். அங்கே கறிக்கோழிப் பண்ணைகளில் சால்மோனெல்லா பரவியிருந்த காலம். வளர்ந்த கோழியின் குடலில் இருந்ததை எடுத்து ஒருநாள் குஞ்சுகளுக்குப் புகட்டினார்கள். பிறகு சால்மோனெல்லா கிருமியைக் கொடுத்துப் பார்த்தபோது, புகட்டிய குஞ்சுகளில் கிருமி எளிதில் வேர்பிடிக்கவில்லை. 1973இல் 'நேச்சர்' இதழில் இது வெளியானது. இன்றைக்குப் பொட்டலத்தில் விற்கும் கோழிப் புரோபயாட்டிக் எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும் எண்ணம் இதுதான். இடத்தைப் பிடித்துக்கொள்வது, லாக்டிக் அமிலம் சுரந்து குடலின் புளிப்பைக் கூட்டுவது, கெட்ட கிருமிக்கு எதிரான பொருள்களை வெளியிடுவது, குடலுறிஞ்சிகள் நன்றாக நீண்டு வளர உதவுவது என்று அதன் வேலைகள் பல.

காடைக்கு இது முக்கியமாவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. குடற்புண் நோய். ஆங்கிலத்தில் இதற்கு முதலில் வைத்த பெயரே 'காடை நோய்'தான். கிளாஸ்ட்ரிடியம் கோலினம் என்ற கிருமியால் வருகிறது. இந்தக் கிருமி விதை போன்ற ஸ்போராக மாறி, கொட்டகைத் தரையில் நீண்ட காலம் உயிரோடு கிடக்கும். ஒரு பேட்ச் போய் அடுத்த பேட்ச் வந்தாலும் அது அங்கேயே இருக்கும். ஈயும் அதைச் சுமக்கும். தீவிரமாக வந்தால், நேற்றுவரை நன்றாகத் தின்ற, சதைப்பிடிப்பான காடை காலையில் செத்துக் கிடக்கும். தீனிப்பையில் தீவனம்கூட இருக்கும். மெல்ல வந்தால் வெள்ளைத் தண்ணீராகக் கழிந்து, இறகு சிலிர்த்து, முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் நின்று, நெஞ்செலும்பு கத்திபோல் துருத்தும் அளவுக்கு இளைத்துப்போகும்.

முன்பெல்லாம் இதற்குப் பயந்து தீவனத்தில் தினமும் கொஞ்சம் ஆன்டிபயாட்டிக் கலந்துவிடுவார்கள். வளர்ச்சியும் கூடும் என்று ஒரு கணக்கு. அந்தக் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முழுவதுமாக நிறுத்திவிட்டது. இந்தியாவில் 2019 ஜூலையில் கோலிஸ்டின் மருந்தைக் கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டது. மனிதனுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்க வைத்திருக்கும் மருந்தைக் குஞ்சுத் தீவனத்தில் வாரி இறைத்தால், அதற்கு அடங்காத கிருமிகள் பெருகும் என்பதுதான் காரணம். ஆன்டிபயாட்டிக் விட்டுப்போன இடத்தை நிரப்பத்தான் புரோபயாட்டிக் வந்திருக்கிறது. ஆனால் ஆன்டிபயாட்டிக் செய்த வேலையை அது தனியாகச் செய்துவிடாது. கொட்டகையின் சுத்தமும் கூடவே வேண்டும்.

பொட்டலத்தைப் படிப்பது

பொட்டலத்தின் முன்பக்கத்தில் துள்ளும் கோழிப் படம் இருக்கும். அதைப் பார்த்துப் பயனில்லை, பின்பக்கத்தைத் திருப்புங்கள். அங்கே மூன்று விஷயம் தேவை: எந்த நுண்ணுயிர், கிராமுக்கு எத்தனை, எந்தச் சூட்டில் வைக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வாங்க வேண்டாம்.

நுண்ணுயிர்களை நம் வசதிக்காக மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம். லாக்டோபேசில்லஸ், பெடியோகாக்கஸ், எண்டரோகாக்கஸ் போன்றவை லாக்டிக் அமிலக் கூட்டம். குஞ்சுக் குடலில் இயல்பாகவே வாழ்பவை என்பதால் முதல் வாரத்துக்கு இவை நன்றாகப் பொருந்தும். ஆனால் சூடு தாங்காது. சித்திரை மாதம் தகரக் கூரைக்கடியில் அலமாரியில் வைத்த பொட்டலத்தில் உயிர் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லியிருந்தால் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். அதைவிட முக்கியம், விற்பவர் கடையிலும் அது ஃபிரிட்ஜில்தான் இருந்ததா என்று பார்ப்பது.

இரண்டாவது கூட்டம் பேசில்லஸ். சப்டிலிஸ், லைக்கெனிஃபார்மிஸ், கோயாகுலன்ஸ் ஆகியவை இதில் வரும். கோயாகுலன்ஸைச் சில பொட்டலங்களில் இன்னமும் 'லாக்டோபேசில்லஸ் ஸ்போரோஜெனஸ்' என்ற பழைய பெயரில் அச்சடிக்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான். இவை ஸ்போராகப் பொட்டலத்தில் தூங்கும். சூட்டையும், இரைப்பை அமிலத்தையும், பெல்லட் மிஷினின் 70, 80 டிகிரி நீராவியையும் பெரும்பாலும் தாங்கி, குடலுக்குள் போய்த்தான் விழித்துக்கொள்ளும். நம் ஊர்ச் சூட்டுக்கும், ஃபிரிட்ஜ் வைக்க இடமில்லாத கொட்டகைக்கும் என் ஓட்டு இதற்குத்தான்.

மூன்றாவது ஈஸ்ட். உயிருள்ள சாக்கரோமைசிஸ் என்று போட்டிருந்தால் அது புரோபயாட்டிக். வெறும் காய்ந்த ஈஸ்ட் தூள் என்றால் அது நல்ல புரதச் சத்து, அவ்வளவுதான். விலையைக் கேட்கும்போது இந்த வித்தியாசம் ஞாபகம் இருக்கட்டும்.

அடுத்தது எண்ணிக்கை. பொட்டலத்தில் சி.எஃப்.யு. என்று போட்டிருப்பது, ஒரு கிராமில் வளரக்கூடிய உயிருள்ள நுண்ணுயிர்கள் எத்தனை என்பது. ஒரு கிராம் தீவனத்தில் ஏறக்குறைய 10 லட்சம் இருக்கும்படி கலப்பது பொதுவான இலக்கு. கிராமுக்கு 100 கோடி உள்ள பொடியை டன்னுக்கு ஒரு கிலோ கலந்தால், ஒரு கிலோ தீவனத்துக்கு ஒரு கிராம் பொடி, அதாவது 100 கோடி. கிராம் தீவனத்துக்கு 10 லட்சம். கணக்கு சரி. அதே பொடியை அரை கிலோ போட்டால் 5 லட்சம். கிராமுக்கு 10 கோடி மட்டுமே உள்ள மலிவான பொடியை டன்னுக்கு அரை கிலோ போட்டால் 50,000 மட்டும்தான் வரும். பொட்டலத்தின் விலை பாதியாக இருக்கலாம், ஆனால் உயிர்களின் எண்ணிக்கை இருபதில் ஒரு பங்காகிவிட்டதே! இரண்டு கம்பெனிப் பொடிகளை ஒப்பிடும்போது கிலோ விலையைப் பார்க்காமல், 100 கோடிக்கு என்ன விலை என்று பாருங்கள்.

தண்ணீர்தான் பெரிய தலைவலி

திருவள்ளூர் மாவட்டத்தில் புரோபயாட்டிக் வீணாவது பெரும்பாலும் தண்ணீரில்தான். இரண்டு வழியில் வீணாகிறது.

ஒன்று, குளோரின். பஞ்சாயத்துத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடும் நாளில் குழாய்த் தண்ணீரை மோந்து பார்த்தாலே தெரியும். கிருமியைக் கொல்லத்தான் குளோரின் போடுகிறார்கள். அதற்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்ற பேதம் தெரியாது. அந்தத் தண்ணீரில் லாக்டோபேசில்லஸ் பொடியைக் கரைத்தால், கப்பை வைக்கும் முன்பே பாதி செத்திருக்கும். முதல்நாள் மாலையே அகலமான வாளியில் பிடித்துத் திறந்து வைத்தால் காலைக்குள் குளோரின் வாடை போய்விடும். அவசரமென்றால், கோழிக்குத் தண்ணீரில் தடுப்பூசி கொடுக்கும்போது செய்வதுபோல, லிட்டருக்கு 2 முதல் 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கரைத்துக் கால்மணி நேரம் விட்டு, அதன்பிறகு புரோபயாட்டிக்கைக் கலக்கலாம்.

இரண்டு, உப்பு. மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருப்பது 1960களின் பிற்பகுதியிலிருந்தே தெரிந்த விஷயம். போரில் வரும் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கும். உப்பு அதிகமான தண்ணீர் குடித்தால் காடை தண்ணியாகக் கழியும். அது நோயே அல்ல, உடம்பு உப்பை வெளியேற்றுகிறது. அதைக் கழிச்சல் என்று நினைத்து ஆன்டிபயாட்டிக், பிறகு புரோபயாட்டிக் என்று பொட்டலம் பொட்டலமாக வாங்கிப் போட்டாலும் எச்சம் கட்டிப்படாது. வீட்டு ஆர்.ஓ. மிஷின் சர்வீஸுக்கு வரும் பையனிடம் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். போர்த் தண்ணீரில் ஒருமுறை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1,000க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 1,000 முதல் 3,000 வரை இருந்தால் எச்சம் இளகலாம், ஆனால் வளர்ப்பைக் கெடுக்காது. 3,000ஐத் தாண்டினால் அது கோழிக்கும் காடைக்கும் ஆகாத தண்ணீர். முதல் இரண்டு வாரத்துக்காவது கேன் தண்ணீரோ மழைநீரோ ஏற்பாடு செய்யுங்கள். ஆயிரம் குஞ்சுக்கு முதல் வாரம் ஒரு நாளைக்கு 8 முதல் 10 லிட்டர் போதும் என்பதால் இது முடியாத செலவு அல்ல. ஆர்.ஓ. மிஷின் கழித்து வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் குஞ்சுக்கு வைப்பவர்கள் உண்டு. உப்பெல்லாம் திரண்டிருப்பது அந்தத் தண்ணீரில்தான். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

தொழிற்பேட்டைப் பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பழைய நீல டிரம்கள் இங்கே மலிவாகக் கிடைக்கும். அதில் முன்பு என்ன ரசாயனம் வந்தது என்று விற்பவருக்கே தெரியாது. தண்ணீர் தேக்கவோ, தீவனம் வைக்கவோ அதை வாங்காதீர்கள். தரைக்குப் போடும் மரத்தூளிலும் அதே கவனம் வேண்டும். பிளைவுட் அறுத்த தூளிலும், மருந்தடித்த பேக்கிங் கட்டை அறுத்த தூளிலும் பசையும் ரசாயனமும் கலந்திருக்கும். குஞ்சு கொத்தித் தின்னும். நெல் உமிக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் இது, உமியே போதும். உருக்காலைத் தூசி படியும் இடமென்றால் மேல்தொட்டிக்கு இறுக்கமான மூடி போடுங்கள்.

காடைக் குஞ்சின் தண்ணீர் கப்பில் கூழாங்கல்லோ கோலிகுண்டோ போடுவது எல்லாருக்கும் தெரியும், இல்லாவிட்டால் குஞ்சு விழுந்து மூழ்கிவிடும். புரோபயாட்டிக் கொடுக்கும் நாள்களில் அந்தக் கற்களைத் தினமும் எடுத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். விரலால் தடவிப் பாருங்கள், வழவழவென்று ஒரு படலம் ஒட்டும். பால்பவுடரும் சர்க்கரையும் கலந்த தண்ணீரில் அது ஒரே நாளில் கட்டிவிடும். நாம் ஊட்ட நினைத்தது வேறு, அந்தப் படலத்தில் வளர்வது வேறு. காலையில் மூன்று மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும் அளவுக்கு மட்டும், ஆயிரம் குஞ்சுக்கு இரண்டு, மூன்று லிட்டர், கலந்து வைத்துவிட்டு, பிறகு கப்பைக் கழுவி வெறும் தண்ணீர் வையுங்கள். புரூடர் சூட்டில் இருக்கும் குஞ்சைத் தாகமாக்கிக் குடிக்கவைக்கும் யோசனை மட்டும் வேண்டாம்.

தீவனத்தில் கலப்பது

காடைக்கென்று தனித் தீவனம் எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. கறிக்கோழித் தீவனத்தைத்தான் பலர் போடுகிறார்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி கறிக்கோழி பிரீஸ்டார்ட்டரில் புரதம் 23 சதவீதம், ஸ்டார்ட்டரில் 22, ஃபினிஷரில் 20. வளரும் காடைக்கு 24 சதவீதமாவது வேண்டும், முதல் மூன்று வாரத்துக்கு 26, 27 வரை கொடுப்பதும் உண்டு. ஆகவே பிரீஸ்டார்ட்டரை வாங்கி, சோயா புண்ணாக்கு சேர்த்து, குருணையைப் பொடியாக அரைத்துத்தான் முதல் வாரம் போட வேண்டும். 8 கிராம் குஞ்சின் அலகுக்குக் கோழிக் குருணை பெரிது.

இதில் கேட்க வேண்டிய கேள்வி: கம்பெனித் தீவனத்தில் ஏற்கெனவே என்ன கலந்திருக்கிறது? ஆன்டிபயாட்டிக் இருந்தால் மேலே புரோபயாட்டிக் போடுவது ஒரு கையால் நட்டு மறு கையால் பிடுங்குவதுதான். சில தீவனங்களில் பேசில்லஸ் ஏற்கெனவே இருக்கும், அப்போது இரண்டாம் முறை காசு செலவழிக்க வேண்டியதில்லை. மூட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் படியுங்கள், புரியாவிட்டால் கம்பெனி மருத்துவரைக் கேளுங்கள்.

கலக்கும்போது அவசரம் கூடாது. ஆயிரம் குஞ்சு முதல் வாரம் 25 முதல் 30 கிலோ தின்னும். அதற்கு 30 கிராம் பொடி. அதை நேராக முப்பது கிலோவில் கொட்டிக் கிளறினால் ஒரு மூலைக் குஞ்சுக்கு எல்லாமும், இன்னொரு மூலைக் குஞ்சுக்கு ஒன்றுமில்லாமலும் போகும். முதலில் அரை கிலோ மாவுத் தீவனத்தில் 30 கிராமைக் கையால் நன்றாகப் பிசறி, அதை 5 கிலோவில் கலந்து, அந்த ஐந்தை மீதியோடு சேர்த்துப் புரட்டுங்கள். ஈரக்கை படக்கூடாது. ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்படுவதைக் கலந்து வைக்காதீர்கள்.

சொந்தமாகத் தீவனம் அரைப்பவர்கள் கருவாட்டுத் தூளில் ஏமாறுகிறார்கள். பழவேற்காடு பக்கம் கருவாடு கிடைப்பது வசதிதான். ஆனால் உணவுக்கு விற்காமல் மிஞ்சியதில் உப்பும் மணலும் இருக்கும். ஒரு பிடியை ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுக் கலக்கி விட்டால் அடியில் மணல் தங்குவது தெரியும். தண்ணீரை நாக்கில் வைத்தால் உப்பு தெரியும். போர்த் தண்ணீரும் உப்பு, கருவாடும் உப்பு என்றால் கழிச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டாம். சரியாகக் காயாத கருவாட்டில் சால்மோனெல்லாவும் வரும். செங்குன்றம் அரிசி மில் தவிடு கிடைத்தால், எண்ணெய் எடுக்காத தவிடு சில நாளிலேயே சிக்கடித்துவிடும் என்பது ஞாபகத்தில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை நஞ்சு கல்லீரலைத் தாக்கும். இதில் எதையும் எந்தப் புரோபயாட்டிக்கும் சரிசெய்யாது.

மோர் கொடுக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். வீட்டுக் கொல்லையில் ஐம்பது காடை வைத்திருப்பவர், புளிக்காத நீர்மோரைக் காலையில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்துவிடலாம், தப்பில்லை. ஆயிரம் குஞ்சுக்கு அது சரிப்படாது. எத்தனை உயிர் இருக்கிறது என்று தெரியாது, நிப்பிள் குழாயை அடைக்கும், ஈ மொய்க்கும், அதிகமானால் பால்சர்க்கரையே எச்சத்தை இளக்கும்.

எப்போது கொடுப்பது

குஞ்சு வந்து இறங்கிய முதல் தண்ணீரிலிருந்து ஏழு நாள். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், மொத்த பேட்ச்சில் மிகக் குறைவான பொடி செலவாகும் வாரமும் இதுதான். அந்த வாரம் புரூடரில் சூடு 35 முதல் 38 டிகிரி இருக்க வேண்டும். மார்கழி இரவில் கரண்ட் போய்க் குஞ்சு குளிர்ந்து குவியலாக நின்றால், குடலும் சேர்ந்து நின்றுவிடும். ஷிப்டுக்குப் போகிறவர்கள் வீட்டில் இருப்பவரிடம் இன்வெர்ட்டரைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போங்கள்.

அதன்பிறகு தொடர்ந்து போட வேண்டுமா என்பது உங்கள் காசைப் பொறுத்தது. என்னைக் கேட்டால், புரூடரிலிருந்து கூண்டுக்கு மாற்றும்போது மூன்று நாள், பிரீஸ்டார்ட்டரிலிருந்து அடுத்த தீவனத்துக்கு மாறும்போது மூன்று நாள், அக்னி நட்சத்திரத்தில், மழை தொடங்கும் வாரத்தில், இவ்வளவு போதும். மருத்துவர் ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் அந்த நாள்களில் புரோபயாட்டிக் வேண்டாம். மருந்து முடிந்த மறுநாளிலிருந்து ஐந்து நாள் கொடுங்கள். நல்லது கெட்டது எல்லாம் துடைக்கப்பட்ட குடலை மறுபடி நிரப்பும் நேரம் அது.

எச்சத்தைப் பார்ப்பது

புதிதாக வளர்ப்பவர்கள் இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்ப்பது எச்சத்தைத் தவறாகப் படிப்பதால்தான். நல்ல எச்சம் கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ, உருண்டு, மேலே வெள்ளைத் தொப்பியோடு இருக்கும். நடுவே அவ்வப்போது காபித்தூள் நிறத்தில், பசைபோல் ஒட்டும், நாற்றமடிக்கும் எச்சம் ஒன்று விழும். அது குருட்டுக்குடல் காலியாவது, இயல்பானது. ஐந்து வாரத்தைத் தாண்டிய கூண்டில் தட்டின்மேல் வெள்ளை நுரை உருண்டைகள் கிடந்தால் பதறாதீர்கள். பருவத்துக்கு வந்த சேவல் காடையின் பின்புறச் சுரப்பி நுரையைத்தான் தள்ளும். அது கழிச்சல் அல்ல, இனப்பெருக்கத்துக்குத் தயார் என்பதற்கான அடையாளம்.

பயப்பட வேண்டியது வேறு. தண்ணியான வெள்ளைக் கழிச்சலோடு காடைகள் கூனி நிற்பது, ஒரே நாளில் பல சாவுகள், எச்சத்தில் ரத்தம். அப்படி என்றால் அப்போதுதான் செத்த காடை ஒன்றிரண்டைப் பாலிதீன் பையில் போட்டு ஐஸில் வைத்து, மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கோ மாதவரம் பால்பண்ணையில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக வளாகத்துக்கோ கொண்டுபோங்கள். குடற்புண் நோயாக இருந்தால், அறுத்ததும் குடலின் வெளிச்சுவரிலேயே மஞ்சள் பொட்டுகள் தெரியும். திறந்தால் உள்ளே குழிப்புண், விளிம்பு தடித்து பொத்தான்போல் இருக்கும். கல்லீரலில் மஞ்சள் திட்டுகள், மண்ணீரல் வீங்கியிருக்கும். இந்த நிலைக்கு வந்த கூட்டத்துக்குப் புரோபயாட்டிக் மருந்தல்ல, மருத்துவர் சொல்லும் மருந்துதான். அது முடிந்ததும் தரை உமியை மொத்தமாக வாரி எரித்துவிட்டு, தரையைக் கழுவிக் காயவைத்து, கம்பிவலைத் தரை உள்ள கூண்டுக்கு மாற முடியுமா என்று யோசியுங்கள். எச்சத்தின்மேல் நிற்காத காடைக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

நீங்களே சோதிப்பது

எந்தப் பொடி உங்கள் கொட்டகைக்குப் பலன் தரும் என்பதை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம். ஒரே நாள் பொரித்த குஞ்சுகளை இரண்டு பாதியாகப் பிரியுங்கள். ஒரே கொட்டகை, ஒரே தீவனம், ஒரே எண்ணிக்கை பல்பு. ஒரு பாதிக்குப் புரோபயாட்டிக், மறு பாதிக்கு இல்லை. கொட்டகையின் ஒரு பக்கம் மேற்கு வெயில் படுவதாக இருந்தால், அடுத்த பேட்ச்சில் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். தீவனத்தை நிறுத்துப் போடுங்கள், மிச்சத்தையும் நிறுங்கள். சாவைத் தனித்தனியாகக் குறியுங்கள். 14ஆம் நாளும் 35ஆம் நாளும் ஒவ்வொரு பாதியிலும் 50 காடையைக் கைக்கு வந்தபடி பிடித்து நிறுங்கள். கொழுத்ததாகப் பார்த்துப் பிடிக்கக் கூடாது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. காடையில் பெட்டைதான் சேவலைவிடப் பெரிது. ஒரு பாதியில் பெட்டை அதிகமாக விழுந்துவிட்டால், எடை கூடியது பொடியால் என்று ஏமாந்துபோவோம். மூன்று, நான்கு வாரத்தில் மார்பு இறகைப் பார்த்தால் பிரித்துவிடலாம்: சேவலுக்கு மார்பு புள்ளியில்லாத செம்பழுப்பு, பெட்டைக்குச் சாம்பல் பழுப்பில் கருப்புப் புள்ளிகள். 35ஆம் நாள் எடையைச் சேவலுக்குத் தனியாக, பெட்டைக்குத் தனியாக எழுதுங்கள்.

கணக்குக்காக ஒன்று சொல்கிறேன். புரோபயாட்டிக் இல்லாத பாதியில் நூறு காடை 50 கிலோ தின்று 18 கிலோ எடை வந்தால், ஒரு கிலோ எடைக்கு 2.78 கிலோ தீவனம். கொடுத்த பாதி 49 கிலோ தின்று 18.5 கிலோ வந்தால் 2.65. நூறு காடைக்கு ஒரு கிலோ தீவனம் மிச்சம், அரை கிலோ எடை கூடுதல். இந்த இரண்டின் விலையையும் கூட்டி, அதிலிருந்து பொடிக்கான செலவைக் கழியுங்கள். சாவு குறைந்திருந்தால் அந்தக் காடைகளின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று பேட்ச் இப்படிப் பார்த்தும் மிச்சம் எதுவும் வரவில்லையென்றால், முதல் வாரத்து 30 கிராமோடு நிறுத்திக்கொண்டு மீதிப் பணத்தைத் தண்ணீருக்கும் கம்பிவலைக்கும் போடுங்கள்.